நுரையீரலுக்குள் ஒரு குரல்

எங்கள் பள்ளியின் கணினி ஆய்வகத்துக்குப் பின்னால் ஒரு மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் விசைத்தறிக் கூடம். எடப்பாடிப் பக்கம் இதில் அதிசயம் ஒன்றுமில்லை. கோயிலுக்குப் பின்னாலும் தறி ஓடும், ஆஸ்பத்திரிக்குப் பின்னாலும் ஓடும். அந்தச் சத்தத்துக்கு மேல் குரலை ஏற்றித்தான் இத்தனை வருடமாக நான் விலங்கியல் நடத்துகிறேன். வெளியூர்க் கல்யாணங்களில் யாரிடமாவது பேச ஆரம்பித்தால், "மெதுவாப் பேசு, எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க" என்று என் கணவர் கையைத் தொடுவார்.

கொரோனா முடிந்து பள்ளிகள் திறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள் என்று பேர்தான். பதினொன்றாம் வகுப்பில் சுவாச மண்டலம் நடத்திக்கொண்டிருந்தேன். 'காற்று நுண்ணறை என்றால் என்ன?' என்று கேட்டால் புத்தகத்தில் உள்ளபடி ஒரு எழுத்துப் பிசகாமல் ஒப்பித்தார்கள். ஒரு பையனை எழுப்பி, "இப்ப நீ இழுத்த மூச்சு எங்க போச்சு?" என்று கேட்டேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு வயிற்றைத் தொட்டுக் காட்டினான். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அன்று மதியம் அதே பையன் வராந்தாவில் உட்கார்ந்து, கைபேசியில் ஆடும் ஒரு துப்பாக்கிச் சண்டை விளையாட்டைப் பற்றி இன்னொருவனுக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தான். எந்த வீட்டு மாடியில் பதுங்க வேண்டும், எந்தத் துப்பாக்கிக் குண்டு எவ்வளவு தூரம் போகும், காயம் பட்டால் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிக்கலாம் என்று அத்தனை விவரம். ஆசிரியர் அறையில் இதை நான் புலம்பலாகத்தான் சொன்னேன். ஓரத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சார் டிபன் டப்பாவை மூடி வைத்துவிட்டு, "அப்ப நாமளே ஒரு கேம் செஞ்சு போட்டா என்னங்க டீச்சர்?" என்றார்.

எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் அந்த அறையில் பேசியே பல மாதம் ஆகியிருந்தது.

ஐம்பதை நெருங்கும் வயது. ஒடிசலான உயரம். சட்டைப் பையில் பேனாவோடு ஒரு சின்ன ஸ்க்ரூ டிரைவர் எப்போதும் இருக்கும். இரண்டாம் அலையில் அவர் மனைவி இறந்துபோனார். ஒரே மகளை நாமக்கல்லில் கட்டிக்கொடுத்திருந்தார். வீட்டில் அவர் மட்டும்தான். மனைவி இருந்தவரை எல்லா நாளும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவருக்கு வீட்டிலிருந்து அழைப்பு வரும். தறிச் சத்தத்தில் கேட்க வேண்டுமே என்று கைபேசியின் ஒலியைக் கூட்டியே வைத்திருப்பார். அதனால் அந்த அம்மாவின் குரல் எங்கள் எல்லோருக்கும் கேட்கும். "ஏனுங்க..." என்று 'ஏ'வைச் சற்று நீட்டி, அவர் திரும்பிவிட்டாரா என்று பார்ப்பது போல ஒரு நிறுத்தம். பிறகுதான் மிச்சம். "சாப்ட்டீங்களா? ரசத்தத் தனியா வெச்சிருந்தனே, பாத்தீங்களா?" நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அவரும் கூச்சத்தோடு சிரிப்பார். அந்த அம்மா போனபின், அந்த நேரம் வந்ததும் நாங்கள் யாராவது ஒருவர் எதையாவது உரக்கப் பேசத் தொடங்கிவிடுவோம். யாரும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. அந்தச் சில நிமிடங்கள் சத்தமில்லாமல் இருப்பதை எங்களால் தாங்க முடியவில்லை.

ஆகவே அவர் வாய் திறந்து ஒன்று கேட்டபோது நான் உடனே சரியென்றேன்.

விளையாட்டைச் செய்ய அவருக்கு மாதக்கணக்கில் ஆயிற்று. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை வைத்துத் தானாகவே கற்றுக்கொண்டு செய்தார். நுரையீரலின் குட்டிக் காற்றுப் பைகளான நுண்ணறைகளைத் திராட்சைக் குலை மாதிரி நான் சார்ட் அட்டையில் வரைந்து கொடுத்தேன். அதை அவர் திரைக்குக் கொண்டுபோனார். இடைவேளைகளில் என்னைத் தேடி வந்து கேள்வி கேட்பார். வெள்ளையணு எந்தப் பக்கத்திலிருந்து வரும்? ரத்தக் குழாயின் சுவரை அது எப்படித் தாண்டும்? கிருமியை விழுங்கியபின் அதற்கு என்ன ஆகும்?

ஒருநாள், "வெள்ளையணு எத்தன அனுப்புனாலும் நல்லதுதானுங்களா? கிருமி சாகத்தானே போகுது?" என்று கேட்டார்.

"இல்லைங்க சார். அளவுக்கு மீறிப் போனா ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிஞ்சு காத்துப் பையெல்லாம் ரொம்பிடும். அப்புறம் மூச்சுக்கே இடமிருக்காது. நிறையப் பேரு கிருமியால சாகல, தன்னோட உடம்பே போட்ட சண்டையிலதான்..."

வகுப்பில் பேசும் குரலில் சொல்லிக்கொண்டே வந்தவள், எதிரில் நிற்பவர் யார் என்று நினைவு வந்து நிறுத்திக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். "அதையும் வெச்சுடலாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அப்படித்தான் அந்த ஆட்டம் உருவாயிற்று. பேர் 'மூச்சு'. திரையில் ஒரு நுரையீரலின் உட்புறம். மூச்சுக் குழல் வழியாகக் கிருமிகள் இறங்கும். ஆடுபவர் வெள்ளையணுக்களைக் கூப்பிட்டு அனுப்ப வேண்டும். குறைவாக அனுப்பினால் கிருமி பெருகும். மிகுதியாக அனுப்பினால் பைகளில் நீர் ஏறும். கிருமியாலோ நீராலோ எல்லாப் பைகளும் நிரம்பினால் திரை கருநீலமாகி ஆட்டம் முடியும். உடம்பின் நிலையைக் காட்ட எண்ணோ அளவுகோலோ கிடையாது. ஹெட்போனில் ஒரு மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருக்கும். உடம்பு நலமாக இருந்தால் மூச்சு நிதானமாக வரும். கெடக் கெட வேகமெடுக்கும்.

முதல்முறை ஹெட்போனை மாட்டிக்கொண்டு அந்த மூச்சைக் கேட்டபோதே தெரிந்துவிட்டது. நடிப்பில்லாத மூச்சு அது. உள்ளே இழுக்கும்போது எதிலோ இடறுவது போல ஒரு சின்னத் தடை.

"எங்க பிடிச்சீங்க சார் இந்தச் சத்தத்த?"

"இருந்துச்சுங்க டீச்சர்" என்றார், திரையைப் பார்த்தபடியே.

இணையத்தில் எங்காவது எடுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

பிள்ளைகளுக்கு அந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று. உயிரியல் பாடவேளையில் வாரம் ஒருமுறை ஆய்வகத்துக்குக் கூட்டிப்போவேன். மணி அடித்ததும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஓடுவார்கள். வயிற்றைத் தொட்டுக் காட்டிய பையன் நுண்ணறையின் சுவர் ஏன் அவ்வளவு மெல்லியதாக இருக்கிறது என்று பக்கத்திலிருப்பவனுக்கு விளக்கினான். "சுவரு தடிமனா இருந்தா ரத்தத்துக்குக் காத்தும் போகாது, எம்பட ஆளுங்க உள்ள வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும்டா" என்றான். தன்னுடைய வெள்ளையணுக்களைத்தான் 'எம்பட ஆளுங்க' என்றான். பாடப்புத்தகம் பல பக்கங்களில் சொல்ல முடியாததை அவன் ஒரு வரியில் சொன்னதுபோல் இருந்தது.

எல்லோரையும்விட நன்றாக ஆடியவள் ஒரு பெண். அப்பாவும் அம்மாவும் தறி ஓட்டுகிறவர்கள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள். ஆனால் மணி அடிக்கும் நேரம் பார்த்து ஒரு சந்தேகம் கேட்பாள். அதற்குப் பதில் சொல்லாமல் நான் வகுப்பை விட்டு வெளியே போக முடியாது. தோற்பது அவளுக்குப் பிடிக்காது. நாடியை முஷ்டியில் ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் மட்டும் ஆடி, உடம்பைக் காப்பாற்றிவிட்டுத்தான் எழுவாள்.

அரையாண்டுத் தேர்வுக்குப் பிறகு ஏதோ மாறியது. நன்றாக ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் வரிசையாகத் தோற்கத் தொடங்கினார்கள். சலிப்புத் தட்டிவிட்டது என்று முதலில் நினைத்தேன். ஒருநாள் வாசலில் நின்று கவனித்தேன். இருபக்கமும் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். யாருடைய கையும் அசையவில்லை. திரைகளில் காற்றுப் பைகள் ஒவ்வொன்றாக நீலமாகிக்கொண்டிருந்தன. பிள்ளைகள் ஹெட்போனை இரண்டு கையாலும் காதோடு அழுத்திக்கொண்டு, கண்களை மூடி, எதற்காகவோ காத்திருந்தார்கள். பிரார்த்தனைக் கூட்டத்தில்கூட அவர்கள் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"என்ன பண்றீங்க?" என்றதும் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்தார்கள். ஒருத்தி மட்டும் மெல்லச் சொன்னாள்: "மிஸ், இதுக்குள்ள ஒரு அம்மா பேசறாங்க."

விசாரித்தபோது ஒன்றொன்றாக வெளியே வந்தது. உடம்பு சாகப்போகும் நிலைக்கு வந்து, ஆனால் சாகாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றால் ஒரு குரல் கேட்குமாம். சாமி என்று கூப்பிடுகிறது என்றார்கள் சிலர். என்னமோ கேட்கிறது, ஆனால் தறிச் சத்தத்தில் புரியவில்லை என்றார்கள் மற்றவர்கள். அந்த ஆய்வகம் கட்டுவதற்கு முன் அங்கே ஒரு கிணறு இருந்ததாம், அதில் ஒரு பெண் விழுந்தாளாம். இப்படி ஒரு கதையும் அதற்குள் கிளம்பியிருந்தது. ஒரு பையனுக்கு அவன் அம்மா மந்திரித்த கயிறு கட்டி அனுப்பியிருந்தார். பயந்தவர்கள் இருந்தார்கள். ஆனால் பயந்தவர்களும் கேட்காமல் விடவில்லை. அந்தக் குரலுக்காக, உடம்பை வேண்டுமென்றே சாவின் விளிம்புவரை கொண்டுபோய் அங்கேயே நிறுத்திவைக்கப் பழகியிருந்தார்கள். அந்தச் சூட்சுமத்தைக் கண்டுபிடித்துச் சொல்லிக்கொடுத்தவள், தோற்கப் பிடிக்காத அந்தப் பெண்தான். ஒரே ஒரு காற்றுப் பையை மட்டும் நீர் ஏறாமல் காத்துக்கொண்டால் போதுமாம். உடம்பு போகவும் போகாது, தேறவும் தேறாது.

நான் நம்பவில்லை. விஞ்ஞானம் படித்தவள், பிள்ளைகளைக் கண்டித்துவிட்டு விட்டுவிட்டேன்.

மாதத்தில் ஒருநாள் பராமரிப்புக்காக எங்கள் பகுதியில் மின்சாரத்தை நிறுத்துவார்கள். அன்று தறிகள் நின்றுவிடும். ஊரே காது அடைத்துக்கொண்டது போலிருக்கும். பள்ளியில் ஆய்வகத்துக்கு மட்டும் யு.பி.எஸ். உண்டு. அன்று மதியம் அந்தப் பெண் ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றாள்.

"மிஸ், இன்னைக்குத் தறி ஓடலைங்க. நல்லாக் கேக்குது. நீங்களே வந்து கேளுங்க."

கம்ப்யூட்டர் சார் அன்று ஏதோ பயிற்சிக்காகச் சேலம் போயிருந்தார். ஆய்வகத்தில் நாங்கள் இருவர் மட்டும். மின்விசிறிகூட ஓடவில்லை. அவள் ஹெட்போனை என்னிடம் கொடுத்துவிட்டு ஆடத் தொடங்கினாள். மூச்சு முதலில் நிதானமாக வந்தது. அவள் வெள்ளையணுக்களை அள்ளி அனுப்பினாள். பைகள் நீலமாயின. மூச்சு வேகமெடுத்தது. ஒரு பை மட்டும் மிச்சமிருக்க, அவள் கையை நிறுத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

அத்தனை அமைதியில் அந்த மூச்சை நான் கேட்டதே இல்லை. அது என் தலைக்குள்ளேயே யாரோ விடும் மூச்சு போலிருந்தது. இழுப்பு, இடறல், வெளிமூச்சு. இழுப்பு, இடறல், வெளிமூச்சு. ஹெட்போனைக் கழற்றிவிடலாம் என்று கையைத் தூக்கினேன். அப்போது கேட்டது.

"ஏனுங்க..." ஒரு நிறுத்தம். "பால எறக்குனீங்களா?"

மூச்சோடு மூச்சாக, இரண்டு சொல்லுக்கு நடுவில் காற்றைத் தேடித் தேடி வந்த குரல். பிறகு மறுபடியும் மூச்சு, முதலிலிருந்து.

பேய் என்று நினைத்திருந்தால் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அந்த 'ஏ'வின் நீட்டல் எனக்குத் தெரியும். தினமும் மதியம் எங்கள் ஆசிரியர் அறையில் கேட்ட குரல். ஒருமுறை ஆண்டு விழாவுக்கு வந்திருந்தபோது என் பக்கத்தில் உட்கார்ந்து, கறிவேப்பிலைப் பொடிக்கு எவ்வளவு மிளகு போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த குரல்.

"கேட்டுச்சுங்களா மிஸ்?" என்றாள் அந்தப் பெண்.

"கேட்டுச்சு" என்றேன்.

மறுநாள் அவரிடம் சொன்னேன். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், "சார், அந்த மூச்சு உங்க ஊட்ல அவங்களோடதுங்களா?" என்றே கேட்டுவிட்டேன். அவர் மறைக்கவில்லை. நோய் முற்றிய நாளில் மருத்துவர் தொலைபேசியில் சொன்னாராம்: ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்று எண்ணுங்கள், அப்படியே பதிவு செய்தும் அனுப்புங்கள் என்று. அப்போது எடுத்த பதிவு.

"அழிக்கவும் முடியலைங்க டீச்சர். கேக்கவும் முடியல. கேமுக்கு நெட்டுல தேடுனனுங்க, எல்லாம் சும்மா நடிச்சு விடற மூச்சு. இது போன்ல கெடக்குதே, நாலு புள்ளைங்க படிக்கறதுக்காவது ஆகட்டும்னு வெச்சேன். நல்லா இருக்கற நிலைக்கு இதையவே மெதுவாக்கிட்டேன். சாகற நிலைக்குத்தான் உள்ளபடி."

"அதுல அவங்க பேசறாங்க சார்."

அவர் புரியாமல் பார்த்தார். "இல்லைங்களே. பேச்சு வர்ற எடத்துக்கு முன்னாலயே வெட்டிட்டனே."

அந்தப் பதிவை அவர் ஒலியை அணைத்து வைத்துக்கொண்டு, திரையில் தெரியும் அலையைக் கண்ணால் பார்த்தே வெட்டியிருக்கிறார். அலை உயரமாக எழும் இடம் பேச்சு என்று அவருக்குத் தெரியும். அதற்கு முந்தைய இடத்தில் வெட்டினார். அந்த மெல்லிய குரல் மூச்சின் அலைக்குள்ளேயே ஒளிந்துகொண்டது அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆட்டத்தில் மெதுவாக ஓடும்போது அது ஒரு முனகலாகத்தான் கேட்கும். யாரும் கவனிக்க மாட்டார்கள். சாகும் நிலையில் சரியான வேகத்தில் ஓடும். ஆனால் பதிவின் கடைசிவரை போவதற்குள் உடம்பு செத்துவிடும். பிள்ளைகள் அதைச் சாகவிடாமல் நிறுத்திவைத்தபோதுதான் குரல் வெளியே வந்தது.

இதையெல்லாம் அன்று மாலை பள்ளி விட்டபின் ஆய்வகத்தில் உட்கார்ந்து நாங்கள் புரிந்துகொண்டோம். பிள்ளைகள் எப்படிக் கேட்கிறார்கள் என்று அவர் பார்க்க விரும்பினார். வீட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த அந்தப் பெண்ணைக் கூப்பிட்டேன். யாருடைய குரல் என்று அவளிடம் சொல்லவில்லை. அவர் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார, அவள் ஆடத் தொடங்கினாள். பைகள் இரண்டு மூன்று நீலமானதும் அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டார். அவள் அதைப் பார்த்துவிட்டாள். மவுசிலிருந்து கையை எடுத்தாள்.

"சார், இது நெசமாலுமே ஒருத்தங்களோட மூச்சுங்களா?"

"ஆமா கண்ணு."

"யாருங்க சார்?"

அவர் ஹெட்போனைக் கழற்றிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "என் சம்சாரம்."

அவள் திரும்பவும் மவுசைப் பிடித்தாள். வெள்ளையணுக்களை ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினாள். நீர் வடியும்வரை காத்திருந்தாள். எஞ்சிய கிருமிகளை நிதானமாகத் தேடிப் பிடித்தாள். பைகள் எல்லாம் இளஞ்சிவப்பாகத் திரும்பும்வரை இமைக்கவில்லை. பிறகு எழுந்து நின்றாள்.

"இனிமே நான் அப்படி ஆட மாட்டனுங்க சார். தெரியாம எத்தன தடவ..." என்று நிறுத்தினாள். பையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று போய்விட்டாள்.

அவள் போனபின் அவர் தன் கைபேசியை எடுத்தார். பழைய பதிவைத் தேடி எடுக்க அவருக்கு நேரமாகவில்லை. எங்கிருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருந்தது. மதிலுக்கு அப்பால் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, கைபேசியை எங்கள் இருவருக்கும் நடுவில் மேசைமேல் வைத்தார். நான் எழுந்து போய்விடட்டுமா என்று கேட்டேன். "இருங்க டீச்சர்" என்றார்.

மூச்சு. நெடுநேரம் மூச்சு மட்டும். பிறகு அந்தக் கேள்வி. "ஏனுங்க... பால எறக்குனீங்களா?" அதைத் தொடர்ந்து, அவ்வளவு அருகில், அவருடைய சொந்தக் குரல், பதற்றத்தில் வெடித்த குரல்: "சும்மா இருடி, எண்ணிக்கிட்டு இருக்கறன்ல!"

பதிவு முடிந்தது.

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "நான் அதட்டுனது மட்டுந்தாங்க எனக்கு ஞாபகம். அதனாலதான் இதக் கேக்கவே முடியல. எதுக்கு அதட்டுனேன்னு மறந்தே போச்சு. வலியில என்னமோ சொல்ல வந்தா, நான் வாயை அடச்சிட்டேன்னு நெனச்சுக்கிட்டு இருந்தனுங்க இத்தன நாளும்." கைபேசியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "பாலுங்க டீச்சர். பாலக் கேட்டிருக்கறா" என்றார்.

"எறக்குனீங்களா சார்?" என்று கேட்டேன்.

"எங்கீங்க எறக்குனேன்! பொங்கி வழிஞ்சு அடுப்பே அணஞ்சு போச்சு." சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே இருந்தார். பிறகு அது சிரிப்பாக இல்லை. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பதிவு செய்த அன்று சாயங்காலமே அந்த அம்மாவைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்பதும், உள்ளே போனவரை அவர் அதன்பின் பார்க்கவில்லை என்பதும் எனக்கு முன்பே தெரியும்.

அடுத்த உயிரியல் பாடவேளையில் அவரே வகுப்புக்கு வந்தார். நான் சொல்லச் சொல்லவில்லை. கரும்பலகைக்கு முன்னால் நின்று, "கெணத்துல விழுந்த பொம்பளையும் இல்ல, பேயும் இல்லீங்க சாமிகளா. நீங்க கேட்ட குரல் என் சம்சாரத்தோடது. அவங்க இப்ப இல்ல. எனக்கே தெரியாம அது அதுல வந்துருச்சு. யாரும் பயப்பட வேண்டாம்" என்றார். கயிறு கட்டியிருந்த பையன் அதைச் சட்டைக் கைக்குள் தள்ளிவிட்டுக்கொண்டான்.

பிள்ளைகள் ஆட்டத்தை விட்டுவிடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். விடவில்லை. ஆனால் ஆடும் விதம் மாறிவிட்டது. காற்றுப் பையில் ஒரு சொட்டு நீர்கூட ஏறிவிடக் கூடாது என்று பயந்து, வெள்ளையணுக்களை அனுப்பவே தயங்கினார்கள். கிருமிகள் நிம்மதியாகப் பெருகின. கண் முன்னால் திரை திரையாகக் கருநீலமாயிற்று. இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். ஒருவன் தன் நாற்காலியை எட்டி உதைத்தான்.

தறிக்காரர் மகள் என்னிடம் வந்தாள். "மிஸ், பயந்து ஒண்ணும் செய்யாம இருந்தாலும் போயிடறாங்க. எச்சா, அளவுக்கு மீறிப் பண்ணுனாலும் போயிடறாங்க. அப்ப சரியான அளவுன்னு ஒண்ணு இருக்குதுங்களா?"

"இருக்கு" என்றேன்.

"அது எல்லா உடம்புக்கும் ஒண்ணுதானுங்களா?"

இல்லையென்றேன். ஒவ்வோர் உடம்புக்கும் அந்த அளவு வேறு, உடம்புக்கே அது முன்கூட்டித் தெரியாது, சில நேரம் தப்பிவிடும் என்றேன். மணி அடித்துவிட்டது. அவள் அப்படியே நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கும் இரண்டாம் அலையில் பெரியப்பா ஒருவர் போயிருந்தார் என்று அப்போதுதான் சொன்னாள். ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரமாகக் கூட்டிப்போகவில்லை என்று வீட்டில் ஒருவரை ஒருவர் இன்னும் குற்றம் சொல்லிக்கொள்கிறார்களாம். "இன்னைக்கு ஊட்டுக்குப் போயி இதச் சொல்றனுங்க" என்றாள்.

இனி அந்த மூச்சை வைத்திருக்க முடியாது என்பது அவருக்கும் புரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கு வந்து, மாடிப்படியில் ஏறி இறங்கி ஓடித் தனக்கே மூச்சு வாங்க வைத்து, அதைப் பதிவு செய்துகொண்டார். வாட்ச்மேன், சாருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எனக்குத் தொலைபேசி செய்தார். புது மூச்சு ஆரோக்கியமான ஓர் ஆளின் இளைப்பு. அதில் பயம் இல்லை. பிள்ளைகள் மறுபடியும் வழக்கம்போல் ஆடத் தொடங்கினார்கள். அவ்வப்போது தோற்றார்கள், சண்டை போட்டுக்கொண்டார்கள். அந்த வருடம் சுவாச மண்டலத்தில் யாரும் மதிப்பெண் இழக்கவில்லை.

மூலையில் ஒரு கணினி, வலைப்பின்னலில் சேராமல் தனியாகக் கிடந்தது. அதில் மட்டும் பழைய ஆட்டத்தை அவர் மாற்றவில்லை. மறந்துவிட்டாரோ என்று நினைத்தேன். ஒருநாள் மதியம் சாப்பாட்டு நேரத்தில் ஏதோ கேட்கப் போனபோது பார்த்தேன். அவர் அதன் முன்னால் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தார். திரையில் நுரையீரல் இளஞ்சிவப்பாக, ஒரு கிருமிகூட இல்லாமல் இருந்தது. வரும் கிருமியை வாசலிலேயே ஒன்றிரண்டு வெள்ளையணுக்களை விட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். உடம்பை அவர் நலமாகவே வைத்திருந்தார். அப்படி வைத்திருந்தால் அந்த மூச்சு எவ்வளவு மெதுவாக, எவ்வளவு சுகமாக வரும் என்று எனக்குத் தெரியும். அந்த அம்மா கடைசியில் ஒருநாளும் அப்படி மூச்சு விட்டிருக்க மாட்டார். நான் கூப்பிடாமல் திரும்பி வந்துவிட்டேன். அதன்பின் சாப்பாட்டு நேரத்தில் அவர் ஆசிரியர் அறையில் இல்லையென்றால் யாரும் தேடுவதில்லை.

கலந்தாய்வில் அவர் கெங்கவல்லிப் பக்கம் ஒரு பள்ளிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போனார். போன சில நாட்களில் அந்த மூலைக் கணினி பழுதாகி, வேறு வன்தட்டுப் போட்டு வந்தது. பழைய ஆட்டம் அதில் இல்லை. அவரிடம் சொல்ல வேண்டுமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். சொல்லவில்லை. ஆனாலும் மின்தடை நாட்களில், தறி நின்ற அமைதியில், ஆய்வகத்தைப் பூட்டப் போகும் போதெல்லாம் அந்த மூலையைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிடுகிறேன். இது நான் படித்த விஞ்ஞானத்தில் சேராது.

போன மாதம் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. புதுப் பள்ளியிலும் பிள்ளைகள் கேட்கிறார்களாம், அடுத்ததாகச் சிறுநீரகத்தை வைத்து ஒரு ஆட்டம் செய்யலாம் என்று இருக்கிறாராம். அதிலுள்ள நுண்வடிகட்டியான நெஃப்ரானை நான் வரைந்து அனுப்ப வேண்டுமாம். என் குரல் வழக்கம்போலக் கத்தியது. அவர் ஊரில் தறி இல்லாததால் அவர் குரல் தணிந்துபோயிருந்தது.

"ஒரு சந்தேகங்க டீச்சர். கிட்னிக்குச் சத்தம்னு ஏதாவது இருக்குதுங்களா?"

"இல்லைங்க சார். அது பாட்டுக்குச் சத்தமில்லாம வேல செய்யும்."

"அப்படீன்னா சரிங்க" என்றார்.

அன்று மாலையே சார்ட் அட்டை வாங்கி வந்து, நெஃப்ரானின் கொண்டை ஊசி வளைவிலிருந்து வரையத் தொடங்கினேன்.